நாடகத்திற்கு உரை காணுதல்: மனோன்மணீய உரைப்பதிப்புகள் குறித்து ஒரு மறுப்புரை

முன்னுரை

முத்தமிழுள் ஒன்றாகிய நாடகத்தமிழுக்குரிய பழைய நூல்கள் பெரும்பாலும் இறந்துபட்டன என்பது நாம் நெடுங்காலமாகக் கூறிவரும் குறையாகும். ஆனால் நம் கையில் உள்ள நாடக நூலை நாம் எவ்வாறு படிக்கிறோம், எவ்வாறு பதிப்பிக்கிறோம், எவ்வாறு கற்பிக்கிறோம் என்னும் வினாவை அதே ஆர்வத்தோடு எழுப்புவதில்லை. பேராசிரியர் பெ. சுந்தரம் பிள்ளை (1855-1897) இயற்றி 1891இல் வெளியிட்ட மனோன்மணீயம் ஐந்து அங்கங்களும் இருபது களங்களும் கொண்ட கவிதை நாடகம். அதன் உரைப்பதிப்புகள் அந்நூலைச் செய்யுள் நூலாக மட்டுமே நடத்துகின்றன என்பதும், அதனால் தமிழின் சிறந்த காதல் இன்பியல் நாடகம் ஒன்று மாணவர்க்கு நாடகமாகவே அறிமுகமாகாமற் போகிறது என்பதும் இக்கட்டுரையின் வாதமாகும்.

இக்கருத்துத் தோன்றியதற்கு ஒரு வகுப்பறை நிகழ்ச்சி காரணம். நாடகத்தின் இறுதிக் களத்தைப் பாடம் நடத்திக்கொண்டிருந்தபோது மாணவி ஒருவர், "புருடோத்தமன் மணமன்றத்திற்குள் எந்தப் பக்கமிருந்து வருகிறான்? அவனை முதலில் பார்ப்பவர் யார்?" என்று வினவினார். கையிலிருந்த உரைப்பதிப்பைப் புரட்டினேன். அப்பக்கத்தில் பதவுரை இருந்தது, பொழிப்புரை இருந்தது, வினைத்தொகையும் உருவகமும் சுட்டப்பட்டிருந்தன. மாணவியின் வினாவிற்கு மட்டும் விடை இல்லை. அவ்வினா எழக்கூடும் என்று உரையாசிரியர் எண்ணியதற்கான அடையாளமும் இல்லை. ஒரு நாடகத்தின் உச்சக்கட்டத்தில் எழவேண்டிய முதல் வினாவே அதுதான்.

1. இன்பியல் நாடகமாக மனோன்மணீயம்

மனோன்மணீயத்தின் மூலக்கதை லிட்டன் பிரபு 1866இல் வெளியிட்ட கதைப்பாடல் தொகுதியில் உள்ள 'இரகசிய வழி' என்னும் பகுதி என்பது யாவரும் அறிந்தது. ஒருவரையொருவர் நேரிற் காணாத இருவர் கனவிற் கண்டு காதல் கொள்கின்றனர். பாண்டியன் சீவகன் மகள் மனோன்மணி ஒருபுறம். சேரன் புருடோத்தமன் மறுபுறம். இடையே நிற்பவன் அமைச்சன் குடிலன். திருமணத் தூது போகவேண்டிய இடத்திற் போர் மூள்கிறது. குடிலன் மகன் பலதேவனுக்கு மனோன்மணியை மணமுடிக்க நள்ளிரவில் ஏற்பாடு நடக்கிறது. சுந்தர முனிவர் அமைத்த சுரங்க வழியே புருடோத்தமன் வந்து சேர, மாலை உரியவன் கழுத்தில் விழுகிறது.

இக்கட்டமைப்பு முற்றிலும் காதல் இன்பியலுக்கு உரியது. தடை செய்யும் மூத்தோர், தகுதியற்ற மணமகன், தலைவியின் காதலுக்கு இணையாக ஓடும் தோழியின் காதல், ஒருவர் அறிந்ததை மற்றவர் அறியாமை, கடைசி நொடியில் நிகழும் மீட்சி ஆகிய அனைத்தும் இதில் உள்ளன. வாணி நடராசனை விரும்ப, அவள் தந்தை சகடன் பலதேவனுக்கு அவளைக் கொடுக்கத் துடிப்பது தலைமைக் கதையின் சிறிய நிழல். தலைமைக் கதையில் அரசன் செய்யும் பிழையைக் கிளைக்கதையில் ஒரு முதியவர் செல்வ ஆசையாற் செய்கிறார். ஒன்றைப் பார்த்து மற்றொன்றைப் பார்ப்பவர்க்கு நகை தோன்றும். அந்நகையினூடே அரசனின் பேதைமையும் விளங்கும்.

திரைப்படத் துறையினர் இதனை உணர்ந்திருந்தனர். மாடர்ன் தியேட்டர்ஸ் நிறுவனத்தார் 1942இல் டி. ஆர். சுந்தரம் இயக்கத்தில், பி. யு. சின்னப்பாவும் டி. ஆர். ராஜகுமாரியும் நடிக்க, 'மனோன்மணி'யைப் படமாக்கியபோது காதல் கதையாகவே அதனைக் கண்டனர். பாடநூற் குழுவினரோ நாடகத்தினின்று இரண்டொரு பகுதிகளைப் பிரித்தெடுத்துச் செய்யுட் பகுதியில் வைத்தனர். நாங்கூழ்ப் புழுவைப் பார்த்து நடராசன் பேசும் பேச்சு அவ்வாறு தனித்துப் புகழ்பெற்றது. அதனைப் பேசுபவன் காதலிற் கட்டுண்டு தனித்துத் திரியும் இளைஞன் என்பதும், மண்ணைத் துளைக்கும் புழுவை அவன் வியக்கும் இந்நாடகத்தின் முடிச்சு மண்ணைத் துளைத்த ஒரு சுரங்கத்தால் அவிழ்கிறது என்பதும் பிரித்தெடுத்த செய்யுளில் எஞ்சுவதில்லை.

2. உரைப்பதிப்புகளின் நிலை

இந்நூலின் பதிப்பு வரலாற்றில் அறிஞர் பெருமக்களின் உழைப்பு உண்டு. ச. வையாபுரிப்பிள்ளை 1922இல் இதனைப் பதிப்பித்தார். அவருடைய நெடிய பதிப்புப் பணி இங்கிருந்தே தொடங்குகிறது. பின்னர் மயிலை சீனி. வேங்கடசாமி குறிப்புரையுடன் ஒரு பதிப்பைத் தந்தார். இவர்களது பணியை இக்கட்டுரை குறைத்துரைக்கவில்லை. மூலத்தைக் காத்து வழங்கியது அவர்தம் தலைமுறையின் கடமை. அக்கடமையை அவர்கள் ஆற்றினர். அதற்குப்பின் தேர்வுத் தேவையை ஒட்டிப் பெருகிய உரைகளே இங்கு வினாவிற்கு உரியவை.

வகுப்பிற் பயன்படுத்திய அத்தகைய உரைகள் சிலவற்றை ஒருசேர வைத்து நோக்கியபோது மூன்று இயல்புகள் புலப்பட்டன. முதலாவது, ஒரு பாத்திரத்தின் நீண்ட பேச்சை உரையாசிரியர் தனிச்செய்யுளாகக் கருதிப் பொருள் கூறுகிறார்; அப்பேச்சைக் கேட்டு நிற்பவர் யாவர், அவருள் யாருக்கு எது தெரியும், யாருக்குத் தெரியாது என்பன கூறப்படுவதில்லை. இரண்டாவது, நகைக்கு இடமான பகுதிகளுக்கு உரை மிகச் சுருங்குகிறது. குடிலன் அரசனை வாயாரப் புகழும் இடங்களில் உவமைகள் மட்டும் விளக்கப்படுகின்றன. புகழ்ச்சியின் அளவு மீறலே அவனைக் காட்டிக்கொடுக்கிறது, அதனை அறியாதவன் சீவகன் ஒருவனே என்பது சொல்லப்படுவதில்லை. மூன்றாவது, பெயர்களைக் கொண்டு உருவகப் பொருள் காண்பதில் மிகுந்த ஊக்கம் காட்டப்படுகிறது. சீவகனைச் சீவன் என்றும், குடிலனை வஞ்ச மாயை என்றும், முனிவரைக் குரு என்றும் கொண்டுவிட்டால் எல்லாம் முடிந்தது என்னும் எண்ணம் அவ்வுரைகளில் மேலோங்கியிருக்கிறது.

உருவகப் பொருளுக்கு நூலில் இடமுண்டு. நூலாசிரியர் தத்துவப் பேராசிரியர். தம் நூலைத் தம் ஆசிரியராகிய ஹார்விக்கு உரிமையாக்கியவர். எனினும் உருவகம் என்பது நாடகம் நிகழ்ந்து முடிந்தபின் சிந்தையிற் படிவது. மேடையில் நடப்பது என்னவென்று அறியாத மாணவனுக்கு உருவகத்தை முதலிற் கொடுப்பது, பந்தியில் அமர்ந்தவனுக்குச் சோறிடுமுன் தாம்பூலம் கொடுப்பதை ஒக்கும்.

3. புணே நகரத்துப் பதிப்புகள் காட்டும் பாடம்

இக்கட்டுரை எழுதப்படும் ஹடப்சர், புணே நகரின் கிழக்குப் பகுதியில் உள்ளது. இங்குத் தங்கிப் பதிப்புகளை ஒப்பிட்ட நாள்களில், இதே நகரத்துக் கல்வி மரபோடு தொடர்புடைய வேறொரு காதல் இன்பியல் நாடகத்தின் பதிப்பு வரலாறு கண்முன் நின்றது. அது காளிதாசரின் மாளவிகாக்கினிமித்திரம்.

இந்நாடகம் காளிதாசருடையதுதானா என்று வில்சன் ஐயுற்றிருந்தார். துல்பெர்க் 1840இல் பான் நகரிலிருந்து ஒரு பதிப்பை வெளியிட்டார். வேபர் 1856இல் ஜெர்மானியத்தில் மொழிபெயர்த்தார். அதன்பின் பம்பாய் சமற்கிருத நூல்வரிசையில் ஆறாவது நூலாக 1869இல் சங்கர பாண்டுரங்க பண்டிதர் குறிப்புகளுடன் இதனைப் பதிப்பித்தார். அவ்வரிசையை மேற்பார்த்தவர் பூலரும், புணே டெக்கான் கல்லூரியில் பேராசிரியராக இருந்த கீல்ஹார்னும் ஆவர். 1889இல் வந்த இரண்டாம் பதிப்பில், கொண்டவீட்டு ரெட்டி அரசன் குமாரகிரியின் அமைச்சராகிய காடயவேமர் எழுதிய உரையும் சேர்ந்தது. அதாவது, ஆந்திர நாட்டு அமைச்சர் ஒருவர் 14ஆம் நூற்றாண்டின் இறுதியை ஒட்டி எழுதிய நாடக உரை, சுவடிகளிலிருந்து மீட்கப்பெற்று மராட்டிய நாட்டு மாணவன் கைக்கு வந்தது.

அந்நூல்வரிசை மாணவர்க்கென்றே தொடங்கப்பெற்றது என்பது இங்கு முதன்மையாகக் கருதத்தக்கது. மாணவர் பதிப்பு என்பதால் பாடவேறுபாடுகளை விட்டுவிடலாம் என்று அவர்கள் கருதவில்லை. மாணவன் கையிற் கொடுப்பதனாலேயே பாடம் திருத்தமாக இருத்தல் வேண்டும் என்று கருதினர். நாம் இதற்கு நேர்மாறாக, ஆராய்ச்சிப் பதிப்பு வேறு, மாணவர் பதிப்பு வேறு என்று பிரித்து, இரண்டாவதை எவரும் எப்படியும் செய்யலாம் என்று விட்டுவிட்டோம்.

எனினும் புணே மரபைக் குறையற்றதென்று கொள்ளுதலும் பொருந்தாது. சமற்கிருத நாடகங்களில் பெண்பாத்திரங்களும் விதூடகனும் பிராகிருதம் பேசுவர். பதிப்பாசிரியர் அதற்குச் 'சாயை' எனப்படும் சமற்கிருத வடிவத்தைத் தருவது வழக்கம். நாளடைவில் மாணவர் சாயையை மட்டும் படித்துப் பிராகிருதத்தைத் தாண்டிச் செல்வாராயினர். மாளவிகை பேசும் மொழியும் மன்னன் பேசும் மொழியும் ஒன்றாகிவிட்டன. நான்காம் அங்கத்தில் விதூடகன் பாம்பு கடித்ததாக நடித்து, அரசி தாரிணியின் பாம்பு முத்திரை மோதிரத்தைப் பெற்று மாளவிகையைச் சிறைமீட்கும் சூழ்ச்சியில் நகை பிறப்பது பெரிதும் அவனுடைய பேச்சு வகையால். சாயையை மட்டும் படிப்பவனுக்குக் கதை கிடைக்கிறது, நகை கிடைப்பதில்லை. நம்முடைய பொழிப்புரை செய்யும் தீங்கும் இதுவே. உழவர், சேவகர், அரசன், முனிவர் ஆகிய அனைவரும் பொழிப்புரையில் ஒரே தேர்வுத்தமிழைப் பேசுகின்றனர்.

4. நம் மரபிலேயே உள்ள முன்மாதிரி

நாடகத்திற்கு மேடை நோக்கில் உரை எழுதும் முறையை நாம் வேற்றுமொழியினின்று கடன்பெற வேண்டியதில்லை. மனோன்மணீயம் வெளிவந்த 1891ஐ அடுத்த ஆண்டிலேயே, 1892இல், உ. வே. சாமிநாதையர் சிலப்பதிகாரத்தை அடியார்க்குநல்லார் உரையுடன் பதிப்பித்தார். அவ்வுரையின் அரங்கேற்று காதைப் பகுதியைப் படித்தோர் நாடகத்தமிழுக்கு உரை காணும் முறை யாதென அறிவர். ஆடலாசிரியன், இசையாசிரியன், முழவாசிரியன் ஆகியோர் அமைதி கூறப்படுகிறது. அரங்கின் அகலம் ஏழு கோல், நீளம் எட்டுக் கோல், உயரம் ஒரு கோல் என மூலம் கூறுவதை உரையாசிரியர் விரிக்கிறார். ஒருமுக எழினி, பொருமுக எழினி, கரந்துவரல் எழினி என்னும் திரைகளைப் பிரித்துக் காட்டுகிறார். பரதசேனாபதீயம், மதிவாணர் நாடகத்தமிழ்நூல் முதலிய நூல்களின் துணைகொண்டு உரை செய்வதாக அவரே குறிக்கிறார். காப்பியத்தின் ஒரு காதைக்கு இத்துணை மேடையறிவோடு உரை கண்டது தமிழ். நாடக நூலுக்கே மேடையை மறந்து உரை காண்பதும் அதே தமிழ் என்பது வருந்தத்தக்கது.

நகைக்கும் நம்மிடம் இலக்கணம் உண்டு. தொல்காப்பியர் எண்வகை மெய்ப்பாட்டுள் நகையை முதலில் வைத்து, எள்ளல், இளமை, பேதைமை, மடன் என அதன் நிலைக்களன் நான்கு என்றார். இந்நான்கையும் கொண்டு மனோன்மணீயத்தை நோக்கின், குடிலனின் புகழுரையில் எள்ளலும், மனோன்மணி வாணி ஆகியோரின் தோழமை உரையாடலில் இளமையும், சகடனின் ஆசையில் பேதைமையும், சொன்னதைச் சொன்னவாறே நம்பும் சீவகனிடத்து மடனும் நிலைக்களனாதலைக் காணலாம். தேர்வுரை எழுதுவோர் மெய்ப்பாட்டியலைத் தனித்தாளில் விளக்கி, நாடகத்தாளில் அதனை மறந்துவிடுகின்றனர்.

இன்னொரு முன்மாதிரியும் தொலைவில் இல்லை. மனோன்மணீயம் பிறந்த திருவனந்தபுரம் அமைந்த சேரநாட்டில் கூடியாட்டக் கலைஞர்கள் ஆட்டப்பிரகாரம், கிரமதீபிகை என்னும் மேடைக் குறிப்பு நூல்களைத் தலைமுறை தலைமுறையாகப் பேணினர். எச்சொல்லுக்கு எம்முத்திரை, எவ்விடத்தில் எந்நடை என்பன அவற்றில் உள. காஞ்சியில் ஆண்ட மகேந்திரவர்மன் இயற்றிய மத்தவிலாசப் பிரகசனம் அம்மேடையில் வாழ்ந்தது. நடிப்போர் எழுதிய உரையும் உரையே என்பதை அவை மெய்ப்பிக்கின்றன.

5. மறுப்புகளும் விடைகளும்

மனோன்மணீயம் படித்தற்குரிய நாடகமேயன்றி நடித்தற்குரியது அன்று. ஆகவே மேடைக் குறிப்பு வேண்டாதது என்பர் சிலர். நாடகத்தைப் படிப்போன் தன் மனத்தின்கண் ஒரு மேடை அமைத்தே படிக்க வேண்டும். நடிப்போனுக்கு இயக்குநர் துணை உண்டு. படிப்போனுக்கு உரையாசிரியர் ஒருவரே துணை. ஆதலின் படித்தற்குரிய நாடகத்திற்கே மேடைக் குறிப்பு மிகுதியும் வேண்டும்.

பதவுரையின்றி மாணவர்க்குப் பொருள் விளங்காது என்பது அடுத்த மறுப்பு. இது ஓரளவு உண்மை. பதவுரையை நீக்குக என்று இக்கட்டுரை கூறவில்லை. அருஞ்சொல்லுக்குப் பொருள் கூறியபின் மீதமுள்ள இடத்தை எதற்குப் பயன்படுத்துவது என்பதே வினா. எளிய அடிக்கும் பொழிப்புரை எழுதி இடத்தை நிரப்புவதைவிட, அவ்வடி பேசப்படும் சூழலைக் கூறுதல் பயனுடையது.

தேர்வில் இவ்வாறு வினவப்படுவதில்லை என்பது மூன்றாவது மறுப்பு. இதற்கு விடை கூறவேண்டியவர் நாமே. வினாத்தாள் அமைப்போரும் பாடத்திட்டக் குழுவில் அமர்வோரும் தமிழ்த்துறையினரே. நாம் அமைத்த வேலியைக் காட்டி நாமே வெளியேற இயலாது என்பது முறையன்று.

6. வேண்டப்படும் பதிப்பு

இனி ஆக்கவகையாற் சில கூறலாம். மனோன்மணீயத்திற்கு வரவேண்டிய மாணவர் பதிப்பு நான்குவகைக் குறிப்புகளைத் தன்னகத்தே கொண்டிருத்தல் நன்று.

முதலாவது பாடக்குறிப்பு. 1891ஆம் ஆண்டுப் பதிப்பை அடிப்படையாக வைத்துப் பிற்பதிப்புகளின் வேறுபாடுகளைச் சுட்டுதல் வேண்டும். நூலின் தொடக்கத்திலுள்ள தமிழ்த்தெய்வ வணக்கத்திற்கு இது இன்றியமையாதது. அவ்வணக்கத்தின் ஒரு பகுதி, சில அடிகள் நீக்கப்பெற்று, 1970இல் அரசு நிகழ்ச்சிகளுக்குரிய வாழ்த்துப்பாடலாயிற்று. 2021 திசம்பரில் மாநிலப் பாடலாக அறிவிக்கப்பெற்றது. பாடலைச் சிறுவயது முதல் பாடிவந்த மாணவர் நூலைத் திறக்கும்போது தாம் அறியாத அடிகளைக் காண்கின்றனர். அவை ஏன் பாடலில் இல்லை என்று கேட்கும் உரிமை அவர்க்குண்டு. விடை கூறும் கடமை பதிப்பாசிரியர்க்குண்டு.

இரண்டாவது மேடைக்குறிப்பு. ஒவ்வொரு களத்தின் தலைப்பிலும் இடம், பொழுது, மேடையில் உள்ளோர், அவருள் யார் எதனை அறிவர் என்பன நான்கு வரிகளில் அமையலாம். இறுதிக் களத்தில் சுரங்கம் இருப்பதை அறிந்தோர் யாவர், அறியாதார் யாவர் என்று ஒரு பட்டியல் இருந்தாலே அக்களத்தின் பதற்றமும் மகிழ்ச்சியும் மாணவர்க்குப் புலனாகிவிடும்.

மூன்றாவது நகைக்குறிப்பு. மேற்கூறிய நால்வகை நிலைக்களன்களைக் கொண்டு நகைக்குரிய இடங்களைச் சுட்டுதல்.

நான்காவது மூலக்குறிப்பு. லிட்டனிடமிருந்து ஆசிரியர் எதனைக் கொண்டார், எதனைப் புதிதாகப் படைத்தார் என்பதைக் காட்டுதல் வேண்டும். சிவகாமி சரிதை, கோல்டுசுமித்தின் 'துறவி' என்னும் கதைப்பாடலைத் தழுவியது. ஆண்வேடம் பூண்டு வந்த பெண்ணைத் துறவியாகிவிட்ட காதலன் அறிந்துகொள்ளும் கதை அது. தோழி பாட, கனவிற் கண்டவனை எண்ணி வாடும் தலைவி அதனைக் கேட்கிறாள். பிரிந்தவர் கூடும் கதையைக் கேட்பவள் பின்னர்த் தானும் கூடப் போகிறாள் என்பதை அவையோர்க்கு முன்னறிவிக்கும் உத்தி இது. உரைகளோ இதனைத் தனிக் கதைப்பாடலாக எடுத்துவைத்து யாப்பு வகையைக் கூறி அமைகின்றன.

இப்பணி ஒருவரால் ஆவதன்று. மகாபாரதத்தின் ஆய்வுப்பதிப்பைப் பண்டார்கர் ஆய்வு நிறுவனத்தார் 1919இல் தொடங்கி 1966இல் நிறைவேற்றினர். தமிழ்நாட்டுக் கிரந்தச் சுவடிகளும் அதற்குப் பயன்பட்டன. அவ்வளவு பெரிய நூலுக்கு அரை நூற்றாண்டு ஆயிற்று. நாலாயிரத்து ஐந்நூறு அடி அளவினதாகிய ஒரு நாடகத்திற்கு ஒரு தமிழ்த்துறையின் சில ஆண்டு உழைப்புப் போதும்.

முடிவுரை

நூலாசிரியரின் பெயரால் 1990இல் திருநெல்வேலியில் ஒரு பல்கலைக்கழகம் அமைந்தது. அவரது நாடகத்தின் வணக்கப்பாடல் ஒலிக்கும்போது தமிழகம் முழுதும் எழுந்து நிற்கிறது. ஒரு நாடகத்தின் முகப்பிற்கு இத்தகைய சிறப்பை அளித்த மக்கள், திரை விலகியபின் என்ன நிகழ்கிறது என்பதை அறியாமல் அமர்ந்துவிடுகின்றனர். இதற்கு மக்களைக் குறைகூறிப் பயனில்லை. அவர்கள் பள்ளியிலும் கல்லூரியிலும் நம் உரைகளைப் படித்தவர்கள்.

அம்மாணவியின் வினாவிற்கு அன்று நூலினின்று விடை கூற இயலவில்லை. மறுநாள் வகுப்பிலிருந்த மேசைகளை ஒதுக்கி, எழுவரை நிறுத்தி, சுரங்கவாயில் கரும்பலகைக்கு அருகே உள்ளதாக வைத்துக்கொண்டு அக்களத்தைப் படிக்கச் செய்தேன். புருடோத்தமனாக வந்தவர் கரும்பலகையின் மறைவிலிருந்து வெளிப்பட்டபோது, கையில் மாலையோடு பலதேவனை நோக்கி நின்ற மனோன்மணி திரும்பினார். வகுப்பு முழுதும் சிரித்தது. அடுத்த நொடி அமைதியாயிற்று. இன்பியல் நாடகத்தின் பயன் அவ்விரண்டுமே. அவற்றை மாணவர்க்குத் தரும் உரையையே நாம் எழுதவேண்டும்.